கட்டில் இறங்கும் பக்கம்

கட்டிலைத் தூக்கியாயிற்று. தலைமாட்டில் மேலத்தெரு ஆட்கள் ரெண்டு பேர், கால்மாட்டில் கீழத்தெரு ஆட்கள் ரெண்டு பேர். நார்க்கட்டில் ஒரு ஆட்டம் ஆடி நின்றது, அம்மாவின் தலை ஒருபக்கமாகச் சாய்ந்தது, யாரோ கன்னத்தைப் பிடித்து நேராக்கினார்கள். அடேயப்பா, உயிரோடு இருந்தபோது அம்மா சடைச்சியின் மூஞ்சியைப் பிடித்துத் திருப்ப ஒருத்தனுக்குத் தைரியம் வந்திருக்குமா என்று செவத்தியம்மாளுக்குத் தோன்றியது, தோன்றியதும் சிரிப்பு மாதிரி ஒன்று தொண்டைவரைக்கும் வந்து அழுகையாக மாறி வெளியே போனது. நட செவத்தி, நட. வேதக்கார வீட்டில் வேதத்தில் சேராத ஒரு உயிர் போனால் இந்த ஊரில் வாசலுக்குப் பெட்டியும் வரக்கூடாது, பாடையும் வரக்கூடாது. செத்த கட்டிலிலேயே வரப்போரம் நிற்கிற பழைய நெடுங்கல்வரைக்கும் தூக்கிப்போக வேண்டியது. அங்கே பெற்ற பிள்ளை கல்லில் கைவைத்துச் சொல்ல வேண்டியது, செத்தவள் கடைசியில் ஞானஸ்நானத் தண்ணீர் வாங்கினாளா இல்லையா என்று. வாங்கினாள் என்றால் கட்டில் கல்லுக்கு மேற்கே இறங்கும், பெட்டியில் வைத்து மணியடித்துக் கல்லறைக்குக் கொண்டுபோவார்கள். இல்லை என்றால் கிழக்கே இறங்கும், பச்சை மூங்கில் பாடையில் ஏற்றிச் சுடுகாட்டுக்குக் கொண்டுபோவார்கள். சடைச்சிக்குப் பிள்ளை ஒன்றே ஒன்று, புருஷனைப் பறிகொடுத்துவிட்டுத் தாய்வீட்டுக்கே திரும்பி வந்த செவத்தியம்மாள். அவள் வாயைத்தான் இப்போது ரெண்டு தெருவும் பார்த்துக்கொண்டிருக்கிறது. நேற்றுவரைக்கும் இதில் கேட்க ஒன்றும் இல்லை, சடைச்சி கிழக்கே போவாள் என்பது ஊருக்கே தெரியும். இன்றைக்குக் காலையில் பக்கத்து வீட்டுக் கித்தேரி கஞ்சி கொண்டுவந்தாள். நனைந்த தலையணையைப் பார்த்தாள், செவத்தியின் கையில் டம்ளரைப் பார்த்தாள். அப்புறம் என்ன, கோயில் மணிச்சத்தம் போகாத மூலைக்கெல்லாம் செய்தி போய்விட்டது.

தொடச்சுட்டாளே. வெயில் உச்சி இறங்கியும் சுள்ளென்று அடித்தது, வெறுங்காலுக்குத் தார் ரோடு பொறுக்கவில்லை, ஓரத்து மண்ணில் ஏறி நடந்தால் நெருஞ்சி குத்தியது, குத்தட்டும், அதில்லை விஷயம், தொடச்சுட்டாளே. ரெண்டு நாளாக ஈ வந்து உதட்டில் உட்கார்ந்தால் ஓட்டத் தெம்பில்லாமல் கிடந்த கை அது. காலையில் வெயில் வாசப்படி ஏறிய நேரத்தில் மூச்சு மேலே இழுத்தது, சரி இதுதான் என்று தெரிந்துவிட்டது. செவத்தி டம்ளரில் தண்ணீர் மொண்டாள். பானையில் மொண்டாளா செம்பில் மொண்டாளா, நினைவில்லை, கை நடுங்கியதுதான் நினைவு. சின்ன வயசில் உபதேசியார் சொல்லிக்கொடுத்தது அப்படியே மண்டைக்குள் இருந்தது, சாகக் கிடக்கிறவர்களுக்கு யார் வேண்டுமானாலும் கொடுக்கலாம், சும்மா தொட்டு வைக்கக் கூடாது, தண்ணீர் தோலில் ஓட வேண்டும். ஓட ஓடத்தான் ஊற்றினாள். பிதா, ஒருதரம். சுதன், ஒருதரம். ஒரு பேர் சொல்ல வேண்டுமே, என்ன பேர் வைப்பது, மரியம்மா என்று வைப்பதா சூசையம்மா என்று வைப்பதா, அம்மாவுக்குப் போய் பேர் வைக்கிற பிள்ளை உண்டா உலகத்தில், வாயில் வந்தது சடைச்சி என்றுதான். சடைச்சி, நான் உனக்கு ஞானஸ்நானம் கொடுக்கிறேன். மூன்றாந்தரம் ஊற்றும்போது அம்மா கண்ணைத் திறந்தாள். அந்தக் கை எழுந்தது. எங்கிருந்து வந்ததோ தெம்பு, சேலைத் தலைப்பை எடுத்து, நெற்றியை இந்தக் கோடியிலிருந்து அந்தக் கோடிவரைக்கும் ஒரே இழுப்பாகத் துடைத்தாள். துடைத்துவிட்டுக் கையைப் பழைய இடத்தில் வைத்தாள். செவத்தியைப் பார்த்தாள். கோபம் இல்லை அந்தப் பார்வையில், அதுதான் தாங்கவில்லை, சின்னப் பிள்ளையில் சோற்றைச் சிந்தினால் ஒரு பார்வை பார்ப்பாளே, எடுத்துப் போட்டுக்கலாம் விடு என்கிற பார்வை, அது. அப்புறம் மூச்சு நூலாகிப் போயிற்று.

சரி, நெற்றியில் தண்ணீர் பட்டால் யாராக இருந்தாலும் துடைக்கத்தானே செய்வார்கள். தொட்டில் பிள்ளைகூடத் துடைக்கும். வேர்வை என்று நினைத்திருப்பாள், ஓட்டு இடுக்கில் மழை ஒழுகுகிறது என்று நினைத்திருப்பாள், கூரையை மாற்று கூரையை மாற்று என்று போன மழையிலிருந்து சொல்லிக்கொண்டே இருந்தவள்தானே. கைக்கு ஒரு பழக்கம் இருக்கிறது, உயிர் போகிற நேரத்திலும் கை தன் பழக்கத்தைச் செய்யும். அதற்கு அர்த்தம் கேட்டால் எப்படி. அப்படியென்றால் தண்ணீர் வாங்கியவள்தான். அப்படியென்றால் மேற்கே. அப்பாவுக்குச் சொன்ன சொல்லையும் காப்பாற்றியதாகிவிடும். அப்பா ராயப்பன் கல்லறையில் பக்கத்தில் ஓர் ஆள் படுக்கிற இடம் காலியாகக் கிடக்கிறது, அவர் போகிறபோது செவத்தியின் கையைப் பிடித்துக்கொண்டு கேட்ட ஒன்றே ஒன்று, அவள எங்கிட்டக் கொண்டாந்து சேத்துரு ஆத்தா, நான் தனியாக் கெடக்க மாட்டேன். சேத்துருறேம்ப்பா என்று சொன்னாள். சாகப்போகிற மனுசனிடம் வேறு என்ன சொல்வது. ஆனால் சும்மா சொல்லவில்லை, மனசாரத்தான் சொன்னாள், அந்த இடத்துக்கு மற்றொரு பக்கம் தனக்கு என்றுகூட நினைத்து வைத்திருக்கிறாள், மூன்று பேரும் வரிசையாக, வீட்டில் படுத்த மாதிரி. தொடச்சுட்டாளே. ஐயோ, மறுபடியும் அங்கேயே வந்து நிற்கிறது பார்.

வேதத்தில் சேராத கீழத்தெருப் பெண் வேதக்கார மேலத்தெருவுக்கு வாக்கப்பட்டதே பெரிய கூத்து. ராயப்பனுக்கு அத்தை மகள், முறைப்பெண், விட்டுக்கொடுக்க முடியாது என்று நின்றிருக்கிறார். அப்போதிருந்த சாமியார் தண்ணீர் ஊற்றிவிட்டுத்தான் தாலி என்றார். சடைச்சி தலையை முடிந்துகொண்டு எழுந்திருக்கிறாள், எனக்கென்ன வேக்காடா தண்ணி ஊத்திக்கிறதுக்கு, நான் வந்த மாதிரியே இருந்துக்கிறேன், இஷ்டம்னா கட்டச் சொல்லுங்க. மேலிடத்தில் உத்தரவு வாங்கி அப்படியே கட்டிவைத்தார்கள். அதற்கப்புறம் வந்த ஒவ்வொரு சாமியாரும் வீட்டுக்கு வந்து கேட்டார்கள், ஒவ்வொருத்தருக்கும் மோர் கொடுத்து அனுப்பினாள். கல்லறைத் திருநாளுக்கு அப்பாவின் குழிமேல் புல் பிடுங்கி, பூப்போட்டு, வெற்றிலை மடித்து ஓரமாக வைத்துவிட்டுப் பேசிக்கொண்டிருப்பாள், நான் இங்கன படுக்க மாட்டேன்யா, பொழுது சாயிறப்ப வந்து பாத்துட்டுப் போறேன், ஒன் மகளும் வருவா. பக்கத்துக் குழிக்காரர்கள் சிரிப்பார்கள். செவத்திக்குச் சிரிப்பு வராது. ஒருதரம் பொறுக்காமல் கேட்டேவிட்டாள், ஏம்மா, அப்பா இம்புட்டுக் கெஞ்சியும் ஒனக்கு மனசு எறங்கலையா. அம்மா கீரை ஆய்ந்துகொண்டிருந்தவள் நிமிரவே இல்லை. எல்லாரும் அந்தப் பக்கம் போயிட்டா இந்தப் பக்கம் யாருடி நிக்கிறது, என்றாள். அதென்ன பதில். அன்றைக்கு அதை ஒரு பதிலாகவே எடுக்கவில்லை, கிழவி கீரையோடு சேர்த்து ஏதோ சொல்கிறது என்று எழுந்து போய்விட்டாள்.

"செவத்தி." பக்கத்தில் நடந்து வந்தது சின்னக்காளை, அம்மாவின் கூடப்பிறந்த தம்பி, தாய்மாமன். தோளில் பிறந்தவீட்டுக் கோடிச்சேலை, மடிப்புக் கலையாமல். "ஒனக்கு ஒண்ணுஞ் சொல்ல வரல தாயி. நீ எந்தப் பக்கம் சொன்னாலும் எனக்கு அவ அக்காதான். மூங்கி மட்டும் வெட்டிட்டேன். வெட்டாம வெறுங்கைய வீசிட்டு வந்தேன்னா எங்கக்கா என்னைய ஏசியே கொன்னுருவா." செவத்தி சரி மாமா என்றாள். அவர் கண்ணைத் துடைத்துக்கொண்டு பின்தங்கினார், தோள்துண்டால், ஒரே இழுப்பாக, அதே மாதிரி. இவர்கள் குடும்பத்தில் எல்லாருமே இப்படித்தான் துடைப்பார்களோ. அந்தப் பக்கம் கித்தேரி வந்து முழங்கையைப் பிடித்தாள். "பயப்படாமச் சொல்லுடி. எங்க வகுத்துல பால வாத்த. நம்ம கூட இம்புட்டுக் காலம் பொழங்குன மனுசி, நரகத்துக்குப் போறாளேன்னு நான் எத்தன நாள் செபமாலை உருட்டியிருக்கேன் தெரியுமா." தெரியும். கித்தேரி கெட்டவள் இல்லை. அவள் சொன்ன அந்தச் சொல்தான், நரகம், அதுதான் செவத்தியைச் சின்ன வயசிலிருந்து பிடித்து ஆட்டுகிற பேய். தெருவைத் தாண்டி வரப்பு வந்ததும் சிறுமலையும் தெரிந்தது, மலைக்கு முன்னால் கல்லும் தெரிந்தது.

ரெண்டு ஆள் உயரம். யார் நட்டது என்று எவருக்கும் தெரியாது, பாண்டவர் நட்டது என்பார்கள், செத்தவர்களுக்கு நட்டது என்பார்கள், ஊருக்கு முந்தியே கல் இருந்தது என்பது மட்டும் நிச்சயம். ஒரு பஞ்சத்தில் பாதி ஊர் வேதத்தில் சேர்ந்தபோது வெள்ளைச்சாமியார் இந்தப் பேய்க்கல்லைப் பிடுங்கிப் போடுங்கள் என்றாராம். தோண்டியிருக்கிறார்கள், வெளியே தெரிகிற அளவுக்கு உள்ளேயும் போகிறது, அசையவே இல்லை. சேர்ந்தவர்களும் பிடுங்க விடவில்லை, கல்லைப் பிடுங்கினால் நாங்களும் வேதத்தைவிட்டு வெளியேறுகிறோம் என்று உட்கார்ந்துவிட்டார்கள். கடைசியில் அவரே இறங்கி வந்து, சரி சிலுவையாக வெட்டிவிடுங்கள் என்றார். வெளியூர்க் கல்தச்சனைக் கூட்டிவந்து தலைக்குக் கீழே ரெண்டு பக்கமும் தோளை விட்டுவிட்டு மிச்சத்தைச் செதுக்கினார்கள். வடபக்கத்துக் கை நன்றாக வந்தது. தென்பக்கத்துக் கை பாதி வந்தபோது பொரிந்து உடைந்து விழுந்தது. மூளிக்கை. அப்படியே விட்டுவிட்டார்கள். மேற்கு முகத்தைத் தேய்த்து வழவழவென்று ஆக்கி எழுத்து வெட்டினார்கள், அதுதான் குருசடி. கிழக்கு முகத்தை யாரும் தொடவில்லை, அங்கே பழைய கல் பழையபடியே. கீழத்தெருக்காரர்கள் முதலில் அரிவாளைத் தூக்கிக்கொண்டு வந்து, அப்புறம் சுற்றிச் சுற்றிப் பார்த்துவிட்டு, போகட்டும், எங்கப்பனுக்குக் கை மொளச்சிருச்சு என்று சொல்லிவிட்டுத் தங்கள் பக்கத்துக்கு எண்ணெய் பூசிவிட்டுப் போனார்களாம். அன்றையிலிருந்து வேதக்காரர்கள் கிழக்கே போவதில்லை, அவர்கள் மேற்கே வருவதில்லை, போனால் கழுத்து கோணிக்கொள்ளும் என்று பிள்ளைகளுக்குச் சொல்லிவைத்திருக்கிறார்கள். கழுத்து இருக்கட்டும், செவத்திக்குப் பயம் அந்த மூளிக்கைதான். உபதேசியார் குருசடிக்கு முன்னால் பிள்ளைகளை உட்காரவைத்து, நியாயத்தீர்ப்பு நாளில் நல்லவர்கள் ஆண்டவருக்கு வலப்பக்கம், தண்ணீர் வாங்காதவர்களும் பாவிகளும் இடப்பக்கம் என்று கையை நீட்டிக் காட்டுவார். மேற்கே நின்று பார்த்தால் மூளிக்கைதான் ஆண்டவரின் இடக்கை. நீளக் கைக்குக் கீழே நிழல் தாராளமாக விழும், மூளிக்கைக்குக் கீழே ஒரு ஆட்டுக்குட்டிகூட நிற்க முடியாது. அங்கேதான் அம்மா நிற்க வேண்டும், வெயிலில், தனியாக. அன்றைக்கு ராத்திரியெல்லாம் சின்னச் செவத்தி அழுதாள். அம்மா காரணம் கேட்டு, சொன்னதும், விழுந்து விழுந்து சிரித்தாள். ஒங்க பக்கம் நின்னு பாத்தா அது எடக்கை. எங்க பக்கம் வந்து பாரு, அது சோத்துக்கை. அள்ளி அள்ளிக் குடுத்துத் தேஞ்சு போன கைடி. செவத்தி போய்ப் பார்த்ததில்லை. இந்த வயசுவரைக்கும் பார்த்ததில்லை.

ஆனால் விரலைப் பார்த்திருக்கிறாள். வெள்ளிக்கிழமை சாயங்காலம் அப்பாவோடு குருசடிக்கு முன்னால் முழந்தாள் போட்டிருப்பாள், அப்பா ராகம் இழுத்துப் பிரார்த்தனை பாடுவார், கண்ணை மூடச் சொல்வார், அவள் மூடுகிற மாதிரி மூடி இடுக்கால் பார்ப்பாள். கல்லுக்கு அந்தப் பக்கம் வளையல் சத்தம் கேட்கும். அம்மா எண்ணெய் பூச வந்துவிட்டாள். கிழக்கு முகத்தைத் தேய்த்துத் தேய்த்துக் கல்லின் ஓரத்துக்கு வருவாள், ஓரத்தைச் சுற்றிக் கையை நீட்டித் தேய்க்கும்போது நாலு விரல் இந்தப் பக்கம் எட்டிப் பார்க்கும். எண்ணெய் மினுங்கும் நாலு விரல். அம்மா அதை வேண்டுமென்றே செய்தாளா, மகள் பார்க்கிறாள் என்று தெரிந்து செய்தாளா, அல்லது கை தன் பழக்கத்தில் வந்ததா, இதுவும் அதே கேள்விதான், ஐயோ, எல்லாம் அதே கேள்வியாகத்தான் வந்து முட்டுகிறது. அப்பாவின் ராகம் அந்த நேரத்தில் கொஞ்சம் தடுமாறும். பிறகு மூன்று பேரும் வரப்பில் சேர்ந்து வீட்டுக்கு வருவார்கள், அம்மாவின் கையில் விளக்கெண்ணெய் மணக்கும், அந்தக் கையாலேயே இவள் தலையைக் கோதுவாள். இப்போது நினைத்தால் ஒன்று உறைக்கிறது. அப்பா கடைசிவரைக்கும் வெள்ளிக்கிழமைதான் குருசடிக்குப் போனார். ஞாயிற்றுக்கிழமை பூசைக்குக்கூட டிமிக்கி கொடுப்பார், வெள்ளிக்கிழமையை விடமாட்டார். அந்த மனுசனுக்கு அங்கே யார் வருவார்கள் என்று தெரியும். பின்னே போகிற நேரத்தில் எதற்கு அப்படிக் கையைப் பிடித்துக் கேட்டாராம்.

கட்டில் நின்றது. கல்லுக்கு நேர் வடக்கே, ரெண்டு பக்கமும் சேராத இடத்தில், தோளிலேயே வைத்துக்கொண்டு நின்றார்கள். மேற்கே வெள்ளைத் துணி மூடிய பெட்டி, பக்கத்தில் புதுசாக வந்திருக்கும் இளஞ்சாமியார், கையில் புத்தகம், அங்கியின் விளிம்பெல்லாம் செம்மண். கிழக்கே பச்சை மூங்கில் பாடை, முடிச்சுகளில் இன்னும் நார் ஈரம். இவ்வளவு கூட்டத்திலும் தூக்கியவர்களின் மூச்சு கேட்டது. சாமியார் முன்னால் வந்தார். வெளியூர்க்காரர், கத்திப் பேசத் தெரியாதவர், வாசலுக்கு வந்தபோதே செவத்திக்கு அவர்மேல் பாவமாக இருந்தது. "அம்மா, ஆபத்து நேரத்துல யார் குடுத்தாலும் செல்லும். நீங்க குடுத்தீங்களா? அத மட்டும் சொல்லுங்க. வேற ஒண்ணும் நான் கேக்கல." கித்தேரி பின்னாலிருந்து முதுகைத் தொட்டாள். செவத்தி கல்லின் பக்கத்தில் போனாள். ஓரத்தில் கைவைத்தாள், மேற்கும் இல்லாத கிழக்கும் இல்லாத அந்தத் தடிமனில், முழங்கை நீளத் தடிமனில். வெயிலில் கல் கொதித்துக் கிடந்தது, ஆனால் அந்த இடம் பிசுபிசுத்தது. எண்ணெய். கறுத்து இறுகிப்போன எண்ணெய், எத்தனை வெள்ளிக்கிழமை எண்ணெயோ. விரல் தானாக ஒரு பள்ளத்தில் போய் உட்கார்ந்தது.

குடுத்தேன் என்று ஒரு சொல். சொன்னால் பொய்யும் இல்லை. ஊற்றியது நிஜம், தண்ணீர் ஓடியது நிஜம், பேர் சொன்னது நிஜம். சொன்னால் அப்பாவுக்குப் பக்கத்தில் அம்மா, அம்மாவுக்குப் பக்கத்தில் ஒரு நாளைக்கு இவள். சொன்னால் மூளிக்கைக்குக் கீழே யாரும் நிற்க வேண்டியதில்லை. துடைத்ததைப் பற்றி யார் கேட்டார்கள். பார்த்தது இவள் ஒருத்தி, அதுவும் வேர்வை என்று நினைத்துத் துடைத்திருக்கலாம், ஒழுகுகிறது என்று நினைத்துத் துடைத்திருக்கலாம், கேட்டுத் தெரிந்துகொள்ளவும் முடியாது, அப்போதே ஒரு வார்த்தை கேட்டிருந்தால், அம்மா ஊத்தட்டுமா என்று ஒரு வார்த்தை, காது கடைசிவரைக்கும் கேட்டதே அவளுக்கு, கஞ்சி வேணுமா என்றபோது தலையை ஆட்டினாளே, ஏன் கேட்கவில்லை. ஏன்டி கேட்கவில்லை. கேட்டிருந்தால் வேண்டாம் என்றிருப்பாள். அதனால்தானே கேட்கவில்லை. காலையிலிருந்து துடைத்த கைக்கு அர்த்தம் தேடித் தேடி மண்டையை உடைத்துக்கொண்டிருக்கிறாயே, ஊற்றிய கையிடம் ஒருதரமாவது கேட்டாயா. ஊற்றிய கைக்குத் தெரியும். டம்ளரில் மொள்ளும்போதே தெரியும், அதனால்தான் நடுங்கியது. செவத்தியின் மண்டைக்குள் காலையிலிருந்து சுற்றிக்கொண்டிருந்தது நின்றுவிட்டது. "ஊத்துனேன் சாமி," என்றாள். மேற்கே ஒரு பெருமூச்சு எழுந்தது, கித்தேரி ஆண்டவரே என்றாள். "கேக்காம ஊத்துனேன். கண்ணத் தொறந்து பாத்து, எங்கம்மா தொடச்சுட்டா."

சாமியார் ஒரு எட்டு கிட்டே வந்தார். பிறகு மெதுவாக, இவளுக்கு மட்டும் கேட்கிற மாதிரி, "தொடச்சாலும் ஊத்துனது போகாதும்மா," என்றார். சொல்லாலேயே கையை நீட்டித் தூக்கிவிடப் பார்க்கிறார் பாவம். பிடித்துக்கொள்ளலாம். "போகாது சாமி. அது நான் செஞ்சது, எங்கிட்ட இருக்கட்டும். எங்கம்மா தண்ணி வாங்கல." சொல்லி முடித்ததும்தான் பயம் முழுசாக வந்தது, அம்மாவை நானே என் வாயால் அந்தப் பக்கம் அனுப்பிவிட்டேனே, அப்பா, கோவிச்சுக்காதப்பா, நான் வந்து நேர்லயே சொல்லிக்கிறேன், நீ தனியாத்தான் கெடக்கணும், பொழுது சாயிறப்ப வந்து பாக்குறவ இனி வரமாட்டா. கித்தேரி சத்தம்போட்டு அழ ஆரம்பித்தாள். மேலத்தெருவில் ஒருத்தர் பெட்டியின் வெள்ளைத் துணியை மடித்தார். சாமியார் புத்தகத்தை மூடிக் கக்கத்தில் வைத்துக்கொண்டார், ஆனால் போகவில்லை, அங்கேயே நின்றார். தலைமாட்டுக்காரர்கள் ரெண்டு பேரும் மேலத்தெரு ஆட்கள், கிழக்கே வரமாட்டார்கள், கீழத்தெருக்காரர்கள் ரெண்டு பேர் வந்து தோளை மாற்றிக்கொண்டார்கள். கட்டில் திரும்பியது. கல்லைச் சுற்றிக்கொண்டு போய் மறைந்தது. கயிறு நெரிகிற சத்தம் கேட்டது, மெல்ல, மெல்ல, என்று மாமா சொல்வது கேட்டது, கால் நாலும் தரையில் இறங்குவது கேட்டது. சின்ன வயசில் கேட்ட மாதிரியே, கல்லுக்கு இந்தப் பக்கம் நின்றுகொண்டு அந்தப் பக்கத்தைக் காதால் கேட்டுக்கொண்டிருந்தாள்.

அப்புறம் நடந்தாள். ஏய் செவத்தி எங்க போற என்று யாரோ கேட்டார்கள். வடபக்கமாகச் சுற்றி, நீளக் கையின் நிழலை மிதித்து, கிழக்கே வந்து நின்றாள். கழுத்து ஒன்றும் கோணவில்லை. நிமிர்ந்து பார்த்தாள். இங்கேயும் கை விரித்துத்தான் நின்றது. எழுத்தில்லை, வழவழப்பில்லை, கரடுமுரடாக, தலைமுதல் அடிவரைக்கும் எண்ணெய் வழிந்து கறுத்து. மூளிக்கை அங்கேதான் இருந்தது, அம்மா சொன்னபடியே சோற்றுக்கைப் பக்கம். அதன் கீழேதான் கட்டிலை வைத்திருந்தார்கள். நிழல் கொஞ்சம்தான், ஆனால் சாய்வெயிலுக்கு அது கிழக்கே நீண்டு அம்மாவின் முகத்துக்குப் போதுமானதாக இருந்தது. சின்னக்காளை கோடிச்சேலையை விரித்துக்கொண்டிருந்தவர் நிமிர்ந்தார். "நீ இங்கிட்டு வரலாமா தாயி?" "எங்கம்மாவ அனுப்ப வந்தேன் மாமா." அவர் சேலையைப் போர்த்தி முடித்தார். பொம்பளைகள் இந்த இடத்தோடு நின்றுகொள்வார்கள், அதற்குமேல் ஆம்பளைகள் மட்டும், அதனால் வாய்க்கரிசி இங்கேதான். மாமா அரிசி முறத்தை இவள் பக்கம் தள்ளினார். வேதக்காரப் பிள்ளை வாய்க்கரிசி போட்டதைக் கண்டவர் இல்லை, எப்படிப் போடுவது என்று இவளுக்குத் தெரியவும் இல்லை, பக்கத்தில் நின்ற ஒரு கிழவி புறங்கையால தள்ளணும் என்றாள். ஒரு பிடி எடுத்து அம்மாவின் உதட்டில் வைத்துத் தள்ளினாள். பாதி கன்னத்தில் சிந்தியது. சிந்துனா என்ன, எடுத்துப் போட்டுக்கலாம் விடு. அந்தக் கை, காலையில் டம்ளர் பிடித்த கை, அதுவாகவே மேலே போய் அம்மாவின் நெற்றியில் உட்கார்ந்தது. நெற்றி காய்ந்திருந்தது.